கிரேக்கம் படிக்காத டீக்கன்

ஒனேபுரு,
1855 மார்ச் 3

பிஹோப்பா,

சமாதானம். உங்கள் டீக்கன் ஏனோக்கா தே ரூரு எழுதுகிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டி முடித்துவிட்டோம். இந்த வருடம் எலி தின்றது போகவும் நிறைய இருக்கிறது. போன தடவை ஆற்றைக் கடக்கும்போது என் முதுகிலிருந்து நழுவி விழுந்தீர்களே, பிஷப் விழுந்த இடமாம், அந்தத் துறைக்கு இப்போது பிஹோப்பாத் துறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

இனி வந்த விஷயம். நான் டீக்கனாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிரசங்கம் பண்ணுகிறேன், செத்தவர்களைப் புதைக்கிறேன். திருவிருந்துக்கு அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதிக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். குருப்பட்டத்துக்கு, புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கம் வேண்டும். இரண்டு முறை உங்கள் பரீட்சைக்கு உட்கார்ந்தேன், இரண்டு முறையும் தோற்றேன். இங்கே கடைசியாக ஒரு குரு வந்துபோய்ப் பதினாறு மாதம் ஆயிற்று. அதற்குள் பதினொரு பேரைத் திருவிருந்து இல்லாமலே புதைத்திருக்கிறேன்.

இப்போது ஹராத்தா. என் மனைவி கோடையிலிருந்து இருமுகிறாள், இருமலில் ரத்தம் வருகிறது. இந்தக் கரைக்கு முதலில் ஜெபம் கொண்டுவந்தது அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் வடக்கத்தியார் சண்டையில் பிடித்துக்கொண்டு போன அடிமைப் பெண், அங்கே மிஷன் வீட்டில் படித்து, விடுதலையாகி, ஒரு மாதம் நடந்து ஊர் திரும்பினாள். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் நாங்கள் கும்பிடக் கற்றோம். அப்போது அவளை ரொம்பக் கேலி செய்தவன் நான்.

"ஏ கிழவா, எழுதுறப்ப கெஞ்சாத. கேளு" என்று பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்கிறாள். அதனால் கேட்கிறேன். ஒன்று என்னைக் குருவாக்குங்கள். இல்லையென்றால் ஒரு குருவை அனுப்புங்கள். சாவதற்கு முன் அவளுக்கு அந்த அப்பம் வேண்டும்.

ஏனோக்கா


பிஷப் இல்லம்,
1855 ஏப்ரல் 2

அன்புள்ள ஏனோக்கா,

உமது கடிதத்தை என் மனைவி லூயிசாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆற்றில் விழுந்த இடத்தில் சிரித்தாள், ஹராத்தாவைப் பற்றிய இடத்தில் எழுந்து போய்விட்டாள். இதனுடன் கம்பளித் துணியும் தேனும் அனுப்பியிருக்கிறாள்.

கிரேக்கத்தைப் பற்றி நீர் என்மேல் வருத்தமாய் இருக்கிறீர் என்று அறிவேன். ஆகையால் இதுவரை உம்மிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். இந்த நகரத்து வெள்ளைக்காரர் சிலர் என் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார்கள்: "மாவோரிகளுக்குப் பரீட்சை எதுக்கு பிஷப்? சும்மா பட்டத்தக் குடுத்துடுங்க. அவங்க ஜனத்துக்கு அது போதும்." அந்தப் "போதும்" என்ற வார்த்தை என்னைச் சுட்டது. இங்கிலாந்தில் ஒரு குரு என்ன படிக்கிறாரோ அதையே நீரும் படித்துத் தேற வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். உம்மை அரைக் குரு என்று எவனும் சொல்ல நான் இடங்கொடேன். நீர் இதை என் பிடிவாதம் என்கிறீர். இது உமக்கு நான் செய்யும் மரியாதை.

குருவை அனுப்பச் சொன்னீர். அனுப்ப எனக்கு ஆள் இல்லை, நானே வருகிறேன். பெந்தெகொஸ்தே ஞாயிறு மே 27. அன்று ஒனேபுருவில் திருவிருந்து நடத்துவேன், ஹராத்தாவுக்கு என் கையாலேயே கொடுப்பேன். இது என் வாக்கு.

அதுவரை நாளுக்கு ஐந்து வரி கிரேக்கம் படியும்.

ஆம்ப்ரோஸ்,
பிஷப்


ஒனேபுரு,
1855 மே 9

பிஹோப்பா,

தேன் வந்தது. அதில்தான் இப்போது அவள் உயிர் ஓடுகிறது. லூயிசா அம்மாவுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

ஐந்து வரி படிக்கிறேன். இரண்டு வரி மனதில் நிற்கிறது, மூன்று வரி இருமல் சத்தத்தில் போய்விடுகிறது. நேற்று நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை ஹராத்தா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்த பாஷை பேசுனவங்கல்லாம் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"அவங்க செத்து ரொம்ப காலம் ஆச்சு" என்றேன்.

"அப்பச் சரி. நான் போறேன்ல, நேர்லயே கேட்டு உனக்குச் சொல்லி அனுப்புறேன்."

நான் சிரித்தேன். பிறகு வெளியே போய் அழுதேன்.

இப்போது அவளால் எழுந்து உட்கார முடிவதில்லை. அவளுடைய தம்பி பாராத்தேனே அடுத்த ஆற்றுக்கரையிலிருந்து வந்திருக்கிறான். தினமும் மலைமேல் ஏறி உட்கார்ந்து உங்கள் பாய்மரம் தெரிகிறதா என்று பார்க்கிறான். "இப்பவே எதுக்குடா? இன்னும் நாள் கிடக்கே" என்றால், "கண்ணு பழகட்டும் மச்சான்" என்கிறான். திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணியைத் துவைத்து வைத்திருக்கிறோம். நாற்பது பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

பெந்தெகொஸ்தேயைத் தாண்ட மாட்டாள் என்று எனக்குப் படுகிறது. நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போட வேண்டாம் பிஹோப்பா.

ஏனோக்கா


துறைமுகத்திலிருந்து,
1855 மே 30

அன்புள்ள ஏனோக்கா,

உமது ஊருக்கு இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறேன். பெந்தெகொஸ்தேக்கு வர இயலாமற் போயிற்று. காற்று அனுகூலமாக இல்லை, இங்கேயுள்ள சபையிலும் சில காரியங்களைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. விரைவில் புறப்படுவேன். ஹராத்தாவைத் தைரியமாக இருக்கச் சொல்லும். அவளுக்காக ஜெபிக்கிறேன்.

ஆம்ப்ரோஸ்,
பிஷப்


ஒனேபுரு,
1855 ஜூன் 22

பிஹோப்பா,

நீங்கள் இங்கே இருந்த மூன்று நாளும் நான் உங்களோடு பேசவில்லை. கரையில் இறங்கியபோது வரவேற்புப் பேச்சு பேச வேண்டியவன் நான், பேசவில்லை. நாற்பது பேருக்கு அப்பம் கொடுத்தீர்கள். நான் கதவோரம் நின்றேன், மேசைக்கு வரவில்லை. போகும்போது கை நீட்டினீர்கள், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் ஊர் முன்னால் உங்களை என்ன சொல்லிவிடுவேனோ என்று பயம். இப்போது எழுதுகிறேன்.

மே 31, வியாழக்கிழமை காலை. நன்றாக விடிந்திருந்தது. ஹராத்தா என்னைக் கூப்பிட்டாள்.

"கப்பல் தெரியுதா?"

"இல்ல."

"சரி, அப்பத்த எடுத்துட்டு வா. நீயே சொல்லு. அந்த வார்த்தையெல்லாம் உனக்கு மனப்பாடம்னு எனக்குத் தெரியும். தூக்கத்துல கூடச் சொல்லுற."

"எனக்கு அதிகாரம் இல்ல ஹராத்தா."

"எனக்கு அடிமைச் சோறு தின்னப்பவே ஜெபம் பண்ணத் தெரியும். யாருகிட்ட அதிகாரம் கேட்டேன்? எடுத்துட்டு வாடா கிழவா."

நான் போய் அப்பத்தை எடுத்தேன் பிஹோப்பா. எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்தேன். டீக்கனான அன்று உங்கள் முன்னால் முழங்காலில் நின்று நான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். "வந்துகிட்டிருக்கார், இன்னைக்கோ நாளைக்கோ வந்துடுவார்" என்று வெறுங்கையோடு வந்து சொன்னேன்.

"சரி. உன் பிஹோப்பா சொன்னபடி செய்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தம்பியோடு பேசினாள், தண்ணீர் கொடுத்த பெண்களோடு பேசினாள். சனிக்கிழமை முற்பகலில் செத்துப்போனாள். நீங்கள் பத்து நாள் கழித்து வந்தீர்கள்.

காற்று அனுகூலமாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெந்தெகொஸ்தேக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது நாள் இங்கே வடமேற்குக் காற்றுதான் அடித்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து உங்களை நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்குகிற காற்று. பாராத்தேனே மலைமேல் உட்கார்ந்து அதைத்தான் முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தான். இந்தக் கரையில் பிறந்தவனிடம் காற்றைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

ஏனோக்கா


பிஷப் இல்லம்,
1855 ஜூலை 15

அன்புள்ள ஏனோக்கா,

உமது துக்கம் பெரியது. ஆகையால் உமது கடிதத்தின் கடைசி வார்த்தைகளை நான் பொருட்படுத்தவில்லை. எப்போது பாய் விரிப்பது என்பது கப்பல் தலைவனின் தீர்மானம், அதை இத்துடன் விடுவோம்.

ஒன்றை உமக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீர் மறுத்தது சரி. அந்த நேரத்தில், அந்தப் படுக்கையருகே சபையின் ஒழுங்கை நீர் காத்தீர். இங்கிலாந்தில் எத்தனை குருக்கள் அப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். உம்மைக் குறித்து நான் பெருமைப்படுகிறேன். ஆயத்தமாயிருந்த ஆத்துமா அப்பம் கிடைக்காததால் கெட்டுப்போகாது என்பது சபையின் போதனை. ஹராத்தா கர்த்தருடைய சமுகத்தில் குறைவில்லாமல் இருக்கிறாள்.

இந்த ஒழுங்கு என் சொந்தச் சொத்து அல்ல, நினைத்தபோது தளர்த்துவதற்கு. டிசம்பரில் மறுபடி பரீட்சை வைக்கிறேன். வாரும். இம்முறை தேறுவீர் என்று நம்புகிறேன்.

ஆம்ப்ரோஸ்,
பிஷப்


ஒனேபுரு,
1855 ஆகஸ்ட் 28

பிஹோப்பா,

பெருமைப்படுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை மூன்று நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஹராத்தாவுக்குக் குறைவில்லை என்கிறீர்கள். இருக்கட்டும். குறைவு எனக்கு. கடைசி இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

போன வாரம் எனக்கு மூரு நடந்தது. நீங்கள் பிரசங்கத்தில் கண்டிக்கிற அதே மூருதான், தப்பு செய்தவன் வீட்டைக் கொள்ளையிட்டு ஈடு வாங்குகிற எங்கள் வழக்கம். ஹராத்தாவின் ஆட்கள் முப்பது பேர் ஈட்டியோடு வந்து, முற்றத்தில் ஆடி, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, பன்றி, படகு, போர்வை, சமையல் பானை, நீங்கள் கொடுத்த கறுப்பு அங்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கிரேக்கம் எழுதிப் பழகிய தாள்களும் போயின. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பெண்ணை என் காவலில் விட்டிருந்தார்கள், அவள் கேட்டதைக் கொடுக்காமல் சாகவிட்டேன். அதற்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால்தான் எனக்கு அவமானம். மதிக்காத மனிதனைக் கொள்ளையடிக்க யாரும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வர மாட்டார்கள். எல்லாம் எடுத்து முடித்ததும் அவர்களுக்குச் சாப்பாடு போட்டேன், என் கிழங்கைத்தான். அன்றைக்குத்தான் ஜூன் மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாகத் தூங்கினேன்.

சாப்பிடும்போது பாராத்தேனே கேட்டான்.

"ஏன் மச்சான் குடுக்கல?"

"அதிகாரம் இல்ல."

"அது யாருகிட்ட இருந்துச்சு?"

"பிஹோப்பாகிட்ட."

கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தான். "அப்ப இங்க எடுத்தது பாதிதான். மீதி அவர் வீட்ல கிடக்கு" என்றான்.

வசந்தத்தில் வருவார்கள். நான் அவர்களை அனுப்பவும் இல்லை, தடுக்கவும் போவதில்லை. சிப்பாய்களைக் கூப்பிட்டால் ரத்தம் சிந்தும் என்பதால் எழுதுகிறேன். டிசம்பர்ப் பரீட்சைக்கு நான் வரவில்லை.

ஏனோக்கா


பிஷப் இல்லம்,
1855 அக்டோபர் 19

அன்புள்ள ஏனோக்கா,

அவர்கள் வந்தார்கள். இரண்டு பெரிய படகுகள், இருபத்திரண்டு பேர், போன செவ்வாய்க்கிழமை காலை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து கதவைப் பூட்டுவதா, துறைக்குச் சிப்பாய்களை அனுப்பச் சொல்வதா என்று நான் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பாராத்தேனே முன்னால் நின்று, நீட்டிய நாக்கும் உருட்டிய கண்ணுமாய் ஆடியதைப் பார்த்ததும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் உட்கார்ந்திருந்ததாய் எழுதியிருந்தீர்களே, அதைத்தான் பின்பற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவன் என்னைத் திட்டினான். பதினைந்து வருடமாக என்னை ஒருவரும் அப்படித் திட்டியதில்லை. "ஒரு கெழவிக்கு ஒரு துண்டு அப்பம் குடுக்க வக்கில்ல, ஒனக்கெல்லாம் எதுக்குய்யா இவ்ளோ பெரிய வீடு?" என்றான். பிறகு உள்ளே போனார்கள். நாற்காலிகள், கடிகாரம், வெள்ளித் தட்டுகள், என் படகு. லூயிசா எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தேநீர்க் கெண்டியையும் எடுத்துக்கொண்டார்கள்.

பாதியில் காவல்படைத் தலைவர் எட்டுத் துப்பாக்கிகளோடு ஓடி வந்தார். "இவர்கள் என் விருந்தாளிகள்" என்றேன்.

"விருந்தாளியா? உங்க மேசையத் தூக்கிட்டுப் போறான் பிஷப்!"

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். நீங்க போகலாம்."

அவர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நகரமெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் பாராத்தேனே என் புத்தக அறைக்கு வந்தான். ஆயிரம் புத்தகம் இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க அக்காவக் காக்க வெச்ச புஸ்தகம் எது?" என்று கேட்டான். பரீட்சைக்கு நான் வைக்கும் கிரேக்கப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். புரட்டினான். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.

"இவ்ளோ சின்னதா?" என்றான்.

அவன் கேலிக்குக் கேட்கவில்லை ஏனோக்கா. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான்.

இப்போது வெறும் வீட்டில், தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்றைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் உண்மை. நான் அந்தத் துறைமுகத்தில் பதினெட்டு நாள் தங்கினேன். ஏன் தெரியுமா? அங்கே புதிதாய்க் கட்டிய கோவிலில் முதல் வரிசை இருக்கை யாருக்கு என்று இரண்டு பணக்காரக் குடும்பங்களுக்குள் தகராறு. நான் போய்விட்டால் கோவில் இரண்டாகிவிடும் என்றார்கள். ஒரு பெஞ்சுக்காக உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினேன். ஒவ்வொரு காலையும் நாளைக்குப் புறப்படலாம் என்று நினைத்தேன். உங்கள் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், எப்போதும் பொறுத்துக்கொள்கிறவர்கள்தானே என்றும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது. பிறகு அதைக் காற்றின் தலையில் போட்டேன், ஜூலையில் கப்பல் தலைவன் தலையிலும் போட்டேன்.

டீக்கன் தவறினால் பிஷப் கேட்பார். பிஷப் தவறினால் கேட்க இந்தத் தீவில் ஒருவரும் இல்லை என்று இருந்துவிட்டேன். கேட்பதற்கு இருபத்திரண்டு பேர் படகு வலித்து வந்தார்கள். நான் இருபது பிரசங்கங்களில் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்த காரியம் அது.

டிசம்பர் 21, தோமாவின் திருநாள். ஒனேபுருவுக்கு வந்து, உங்கள் ஜனங்கள் முன்னால் உங்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பேன். பரீட்சை இல்லை. மற்ற பிஷப்புகள் ஆட்சேபித்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களை அரைக் குரு என்று யாராவது சொன்னால், அது அரை பிஷப் ஒருவனின் கைவேலை என்று சேர்த்துச் சொல்லட்டும்.

ஹராத்தாவுக்கு இனி என்னால் எதுவும் செய்ய முடியாது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

ஆம்ப்ரோஸ்


ஒனேபுரு,
1855 நவம்பர் 24

பிஹோப்பா,

உங்கள் நாற்காலிகள் பாராத்தேனே வீட்டு முன்னால் வரிசையாக இருக்கின்றன. ஒருவரையும் உட்கார விடமாட்டேன் என்கிறான். "கொள்ளை போகத் தெரிஞ்ச மனுஷன்யா அவர்" என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறான். சிப்பாயைத் திருப்பி அனுப்பியதைக் கதையாகவே ஆக்கிவிட்டார்கள். தேநீர்க் கெண்டியில் எப்படித் தேநீர் போடுவது என்று லூயிசா அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்கிறான், அவனுக்குக் கசந்து போகிறதாம்.

மூரு முடிந்தால் பேச்சும் முடிந்தது என்பது எங்கள் வழக்கம். அந்தத் தப்பை யாரும் மறுபடி எடுத்துப் பேசக்கூடாது. அவர்கள் பேச மாட்டார்கள். இனி இந்தக் கரையில் எந்த வீட்டுக்கும் நீங்கள் தலை நிமிர்ந்து வரலாம். தங்கள் பெண்ணுக்கான கணக்கை அவர்கள் தீர்த்துக்கொண்டார்கள். நான் அவள் புருஷன். கையில் அப்பத்தோடு கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போனவன். எனக்கு அதில் ஒன்றும் தீரவில்லை.

உங்கள் கடிதத்தை ஊருக்கு வாசித்துக் காட்டினேன். பெஞ்சுச் சண்டை வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவர்கள் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. உங்களைக் காப்பாற்ற அல்ல. ஒரு பெஞ்சுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

குருப்பட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று ஒரு வாரம் நினைத்தேன். ஆனால் இப்போதும் இங்கே இரண்டு பேர் படுக்கையில் இருக்கிறார்கள். என் கோபத்துக்காக அவர்கள் ஏன் அப்பம் இல்லாமல் சாக வேண்டும்? வாருங்கள். கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை வரவேற்புப் பேச்சை நான் பேசுவேன்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். உடனே எழுதிவிட வேண்டும் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னை டீக்கனாக்கிய அன்று, டீக்கன் செய்யக்கூடாதவை இரண்டு என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அப்பத்தை ஆசீர்வதிக்கக்கூடாது. பாவமன்னிப்புக் கூறக்கூடாது. முதலாவதை ஹராத்தாவின் படுக்கையருகே நின்று கைக்கொண்டேன், பெருமைப்படுகிறேன் என்றீர்கள். இரண்டாவதையும் கைக்கொள்கிறேன்.

டிசம்பர் 21-ஆம் தேதி வந்து என்னைக் குருவாக்குங்கள் பிஹோப்பா. அதற்கப்புறம் என்னிடம் கேளுங்கள்.

ஏனோக்கா தே ரூரு,
டீக்கன்